பிளானில் இருந்த கிணறு

வங்கியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டை வாங்குவதாகச் சொல்லியிருந்த தம்பதி கடனுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். கடன் கொடுப்பதற்கு முன் வீட்டை அளந்து வரச் சொல்லி வங்கி அவளை அனுப்பியிருந்தது. அவள் கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதைச் சுவரோடு வைத்து அழுத்தினால் எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். கருவியில் நீளம் தெரியும். முன்னறை, கூடம், சமையலறை என்று ஒவ்வொன்றாக அளந்து, கார்ப்பரேஷனில் நகல் வாங்கி வந்திருந்த பழைய பிளானோடு ஒத்துப்பார்த்துக் குறித்துக்கொண்டே போனாள்.

நான் காப்பிக்கு வெந்நீர் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனபோது அவள் அளந்துகொண்டிருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, இவிடெ ஒரு கிணர் உண்டல்லோ. அது எவிடெ?"

இங்கே கிணறே கிடையாது என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன். அவள் காகிதத்தை என் பக்கம் நீட்டினாள். பிளானில் எங்கள் வீடு சமையலறையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வெறும் முற்றம். முற்றத்தின் நடுவில், பேனா மூடியை வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டம். நாங்கள் நின்றுகொண்டிருந்த அறை அந்தக் காகிதத்தில் இல்லை.

அவள் சமையலறைச் சுவரிலிருந்து ஒருமுறை, பக்கத்துச் சுவரிலிருந்து ஒருமுறை என்று அளந்தாள். இரண்டாவது அளவைப் பார்த்ததும் தன் காலடியைப் பார்த்தாள். பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

வட்டம் விழுந்த இடம், என் மகள் பதினோரு வருஷம் படுத்துத் தூங்கிய கட்டிலின் அடியில் இருந்தது.

ஸ்ரீவராகத்தில் அந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது மகளுக்கு ஏழு வயது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிற, முன்னிருந்து பின்னாக நீண்டுபோகிற வீடு. எங்களை இழுத்தது அந்தப் பின்னறைதான். மற்ற அறைகளெல்லாம் பழையவை, இருட்டானவை. பின்னறை மட்டும் புதிது. வெள்ளை டைல்ஸ், சேர்ந்தாற்போல் ஒரு குளியலறை. குழந்தைக்குத் தனி அறை கிடைத்ததே என்று எனக்குப் பெருமை. விற்றவர்கள் எங்களைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு தம்பதி. கரமனையில் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். நாங்கள் பத்திரத்தையும் வரி ரசீதையும் பார்த்தோம். பிளானைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பத்திரத்தில் 'வீடும் கிணறும் மரங்களும் உட்பட' என்று ஒரு வரி இருந்தது. மரமும் அங்கே ஒன்றும் இல்லை. பத்திரம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அறை எப்போதும் குளிர்ந்து கிடக்கும். சித்திரை வெயிலில் திருநெல்வேலியிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போவார்கள். சுவரின் கீழ்ப்பாதி வருஷம் முழுக்க வேர்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருஷமும் பெயின்ட் அடித்தோம், ஒவ்வொரு வருஷமும் அது உரிந்தது.

என் கணவர் அப்போது ஓர் அச்சகத்தில் மாலை ஷிஃப்டில் இருந்தார். ஆறு மணிக்குத்தான் வேலைக்குக் கிளம்புவார். நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஐந்தரைக்குத் திரும்புவேன். மகள் பள்ளிக்கூட வேனில் மூன்று மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவாள். குடிவந்த இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, நான் செருப்பைக் கழற்றும்போதே ஓடிவந்து சொன்னாள்.

"அம்மா, பின்னாடி ஆரோ வெள்ளம் கோருறா."

பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட மலையாளம். தண்ணீர் சேந்துகிறார்களாம். பக்கத்து வீட்டு மோட்டார் சத்தமாயிருக்கும் என்றேன். மோட்டார் இல்லை, ராட்டினம் என்றாள். கிறீச்சென்று கயிறு இறங்குமாம், கொஞ்ச நேரம் நிற்குமாம், பிறகு மெதுவாக ஏறுமாம். தினமும் மூன்று மணி சுமாருக்கு. சனி, ஞாயிறுகளில் நான் வீட்டில் இருக்கும்போது என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைப்பாள். "இப்போ. கேட்டியா? இப்போ" என்பாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் கேட்காது. ஒருமுறைகூட எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்த்தவள் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு குழந்தைகளும் பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. கீழேயிருந்து யாரோ தண்ணீர் எடுக்கிறார்கள் என்று என் மகள் சொன்னாளாம். என் தோழி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வீடு வாங்கறச்சே யார்ட்டயாவது விசாரிச்சேளா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அவர்கள் போனதும் நான் மகளைக் கன்னத்தில் அறைந்தேன். ஒருமுறை இல்லை. "பொய் சொல்லுவியா? இனிமே சொல்லுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். என் கணவர் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கக்கூடாதா என்று அவரிடமும் கத்தினேன். அவர் எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. ஒரு வருஷம் கழித்துத் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினபோது உள்ளேயிருந்து பஞ்சு உருண்டைகள் உதிர்ந்தன. காதில் வைத்து எடுத்த பஞ்சு, ஓரம் மஞ்சளாகியிருந்தது. காதுவலி போலிருக்கிறது என்று டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார் அவர். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காதுப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியர் பெண் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: அறைக்கு அனுமதி வாங்கியதற்கு ஒரு காகிதமும் இல்லை, அதோடு கிணறு மண் போட்டு நிரவப்பட்டிருக்கிறதா அல்லது வெறுமனே மூடியிருக்கிறதா என்று தெரியாமல் அவளால் ரிப்போர்ட் எழுத முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

மேஸ்திரி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தெருவில் பாதி வீடுகளின் கூரை ஓடுகளை மாற்றியவர். கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டுக் கடப்பாரையின் மொண்ணை முனையால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். டொக், டொக் என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தது, கட்டில் கிடந்த இடத்துக்கு வந்ததும் தொம்மென்று மாறியது. அவர் உடனே பின்னால் நகர்ந்தார்.

"எம்மா, நீங்க வெளிய நில்லுங்க."

குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி அதைச் சன்னல் கம்பியில் முடிந்துகொண்டு, பலகையில் உட்கார்ந்தபடி மெதுவாகக் கொத்தினார். டைல்ஸ், அதற்குக் கீழே கொஞ்சம் சிமென்ட், அதற்கும் கீழே ஒரு ஸ்லாப். கொத்தக் கொத்த ஸ்லாப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கீழே போயிற்று. விழுகிற சத்தம் கேட்க ஒரு கணம் ஆனது. தண்ணீரில் விழுகிற சத்தம்.

"கம்பி இருந்த எடத்துல துருதான் இருக்கு. இதுமேலயா கட்டிலு போட்டுப் படுத்தீய?"

நான் தலையாட்டினேன்.

"இது எப்படி நின்னுதுன்னு எனக்குத் தெரியல."

துளை ஒரு தாம்பாளம் அளவுக்கு ஆனதும், விஷவாயு இருக்கும் என்று ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திக் கம்பியில் கட்டி இறக்கினார். அது அணையவில்லை. ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டே இறங்கிப்போனது. அந்த வெளிச்சத்தில் நானும் பலகையின் ஓரத்தில் குனிந்து எட்டிப் பார்த்தேன். கட்டியெடுத்த வட்டச் சுவர், வரிவரியாகச் செங்கல். இருபதடிக் கீழே தண்ணீர். அவ்வளவு தெளிவான தண்ணீரை நான் கிணற்றில் பார்த்ததில்லை. மேஸ்திரி வெகுநேரம் குனிந்து மோந்து பார்த்தார்.

"இருவது வருசம் மூடிக் கெடந்த கெணறுன்னா நாத்தம் கொடலப் பொரட்டும். பாசி பிடிச்சுக் கெடக்கும். இது என்னன்னா, டெய்லி ஆளு பொழங்குற கெணறு மாரி இருக்கு." கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மழவெள்ளம் உள்ள போயிப் போயி சுத்தமா இருக்கும் போல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேலைக்கு மறுநாள் வருகிறேன் என்று போனவர் மூன்று நாள் வரவில்லை.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தேன். அவள் புணேயில் வேலையில் இருக்கிறாள். வீடு விற்கிற விஷயம் தெரியும், இன்ஜினியர் வந்தது தெரியாது. பிளான், வட்டம், மேஸ்திரி, துளை என்று வரிசையாகச் சொன்னேன்.  

"கிணறு இருக்குன்னு கண்ணால பாத்தியாம்மா?" என்றாள் கடைசியில்.

"பாத்தேன்."

"காலேஜ் போனப்புறம் எனக்கே தோணிப்போச்சு, சின்ன வயசுல நான் எல்லாம் கதை விட்டிருக்கேன்னு. ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிருக்கேன், நான் சின்னதுல நன்னா பொய் சொல்லுவேன்னு. சிரிச்சிண்டேதான் சொல்லுவேன்."

 அவளைச் சமாதானம் செய்ய எனக்கு வந்த வார்த்தை ஒன்றுதான்: எனக்குக் கேட்கவில்லையே, கண்ணே. நான் என்ன செய்யட்டும்?

"உனக்குக் கேக்காது. அப்பாவுக்குக் கேக்கும். அது வரச்சே எல்லாம் டி.வி. வால்யூமைக் கூட்டுவார். அப்பாட்ட கேளு."

என் கணவர் கூடத்தில், நகர்த்திப்போட்ட கட்டிலின் மேல் உட்கார்ந்து பழைய ஃபைல்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"உங்களுக்கும் கேட்டுதா?"

எது என்று அவர் கேட்கவில்லை. முடிச்சைப் போட்டு இறுக்கினார். இன்னொரு முடிச்சும் போட்டார்.

"கேட்டுது."

"எப்பலேர்ந்து?"

"வந்த மொத மாசத்துலேர்ந்து."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? இருக்கறதையெல்லாம் போட்டு வாங்கின வீடு. சொன்னா நீ இங்க ஒரு நாள் இருப்பியா?"

"அன்னிக்கு அவளை அடிச்சேனே. நீங்க இங்கதான உக்காந்திருந்தேள்?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. முப்பது வருஷத்தில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. ஆனால் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்குத் தினமும் கேட்டது. கேட்காதவள் நான் ஒருத்திதான். அந்த வீட்டில் எது உண்மை, எது பொய் என்று தீர்ப்புச் சொன்னதும் நான்தான்.

கார்ப்பரேஷனில் ஓவர்சியர் எங்கள் பிளானை மேசையில் விரித்துவைத்துப் பொறுமையாக விளக்கினார். பின்சுவரிலிருந்து விடவேண்டிய இடத்தை விடாமல் கட்டியிருக்கிறது. அதையாவது அபராதம் கட்டி ஒழுங்குபடுத்த வழி பார்க்கலாம். ஆனால் கிணற்றின்மேல் நிற்கிற அறைக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். இடித்துவிட்டுக் கிணற்றுக்குச் சுவர் கட்டி வலை போட்டால் சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறேன் என்றார். அதற்கும் ஒரு காகிதம் வேண்டும்: அறையை எப்போது, யார் கட்டினார்கள் என்று பழைய உடைமைக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் கட்டியதாகவே ஆகும்.

கரமனையில் அவர்கள் இருந்த வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது சிரமமாயில்லை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாமி மட்டும் மகனோடு இருந்தாள். நான் தனியாகத்தான் போனேன். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. முதல் கேள்வியாக, "உங்க பொண்ணு நன்னா இருக்காளா?" என்று கேட்டாள். எங்கள் மகளை அவள் பார்த்ததே ஒருமுறைதான், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்.

"நன்னா இருக்கா. புணேல வேலை."

"பகவானே" என்று மூச்சை விட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிப்போட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். கடிதம் வேண்டும் என்றேன். அவள் மறுக்கவில்லை. பேரனுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான் சொல்லச் சொல்ல அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் இட்டாள். மடித்துக் கொடுக்கும்போதுதான் கேட்டேன். அவ்வளவு நல்ல தண்ணீர், எதற்காக மாமி மூடினேள்? அறை வேண்டுமென்றா?

"அறை ஆருக்கு வேணும்? நாங்க ரெண்டு பேர்தான இருந்தோம்." அவள் தாழ்ந்த குரலில் பேசினாள், உள்ளே மருமகள் இருந்தாள். "அந்த சத்தத்துக்காகத்தான் மூடினோம்."

நான் சத்தத்தைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"மத்தியானம் மூணு மணிக்கு ராட்டினம் உருளும். எட்டிப் பாத்தா ஆரும் இருக்கமாட்டா. கயிறு பாட்டுக்கு வாளியோட சுவர்மேல இருக்கும். மொதல்ல ராட்டினத்தைக் கழட்டி வித்தார். நிக்கலை. அப்புறம் அது தொங்கற தூணையே வெட்டி எடுத்தார். அப்பறமும் நிக்கலை. அதுக்கப்புறம்தான் ஸ்லாப் போட்டு, ஆரும் கேக்கப்படாதுன்னு மேல அறையைக் கட்டினார். பெர்மிட் கேட்டா கிணறு எதுக்கு மூடறேள்னு கேப்பாளே, என்னன்னு எழுதிக் கொடுக்கறது?"

"மூடினப்புறம்?"

"எனக்குக் கேக்கலை. அவருக்குக் கேட்டுதோ என்னமோ. ரெண்டு வருஷத்துல வித்துட்டோம்."

"அதுல யாராவது விழுந்தாளா மாமி? முன்னாடி எப்பவாவது?"

"இல்லை. தெரு பூரா விசாரிச்சேன். அவாவா அப்பா காலம், அதுக்கு முந்தின காலம் எல்லாம் கேட்டாச்சு. ஒரு பூனைக்குட்டிகூட விழுந்ததில்லை." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாயிருந்தது. "அதுதான் எனக்குப் பயம். ஆராவது விழுந்திருந்தா, சரி, இன்னாரு, பாவம்னு ஒரு விளக்கை ஏத்தி வெக்கலாம். இது ஆருன்னே தெரியலையே."

அறையை இடிக்க நான்கு நாள் ஆயிற்று. திரும்பி வந்த மேஸ்திரி காலையில் வந்து இரண்டு மணிக்கெல்லாம் கடப்பாரையைக் கழுவி வைத்துவிடுவார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளியலறையின் குழாய்களைப் பிடுங்கினார்கள், கூரையை இறக்கினார்கள், சுவர்கள் விழுந்தன. இருபது வருஷத்துக்கு மேல் வெயில் படாத தரையில் வெயில் விழுந்தது. கிணற்றைச் சுற்றி இடுப்புயரம் சுவர் எழுப்பி, மேலே இரும்பு வலை போட்டு, அதற்கு ஒரு பூட்டும் போட்டார். ஓவர்சியர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சமிருந்தது வாங்குகிறவர்கள். இருவரும் நாகர்கோவில்காரர்கள், கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். முதல்தடவை வீடு பார்க்க வந்தபோது பின்னறையில் நின்று, "எவ்ளோ குளிர்ச்சியா இருக்கு! இதைத்தான் பாப்பாவுக்கு வச்சுக்கணும்" என்று கணவனிடம் சொன்னவள் அவள். இப்போது அறை இல்லை, கிணறு இருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"அந்தச் சத்தத்தையும் சொல்லணுமா?" என்றார் என் கணவர். "அந்த ரூமே இல்லைன்னு ஆயிடுத்து. பின்னே என்ன?"

"நீங்க சொல்லாததெல்லாம் மதி, போறும்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மகள் கேட்டதை, நான் அடித்ததை, மாமி சொன்னதை. எனக்கு எதுவும் கேட்டதில்லை என்பதையும் சொன்னேன்.  வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, யோசித்துச் சொல்கிறோம் ஆன்ட்டி என்று போய்விட்டாள்.

பத்து நாள் போன் இல்லை. போயிற்று என்றே நினைத்தோம். பதினோராம் நாள் மத்தியானம் அவள் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். கிணற்றடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சமையலறைச் சன்னல் வழியே அவள் முதுகு தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தாள். ஒருமுறை மட்டும் தலையை லேசாகச் சாய்த்தாள். மூன்றரைக்கு எழுந்து வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"நாங்க எடுத்துக்கறோம் ஆன்ட்டி."

கேட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் அது அவளுடையது. செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள்.

சாமான் கட்டுவதற்கு மகள் நான்கு நாள் லீவில் வந்தாள். வந்ததிலிருந்து பின்பக்கம் போகவே இல்லை. கடைசி நாள், லாரி மூன்றரைக்கு வருவதாக இருந்தது. எல்லாம் கட்டி முன்னறையில் அடுக்கியாகிவிட்டது. உட்கார ஒன்றும் மிச்சமில்லை. அவள்தான் முதலில் எழுந்து பின்னால் போனாள். நான் போனேன். கொஞ்சம் கழித்து அவரும் வந்து சமையலறை வாசற்படியில் நின்றார். தன் கட்டில் கிடந்த இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வலை வழியே கீழே பார்த்தாள்.

"கண்ணா, அன்னிக்கு நான் உன்னை..." என்று ஆரம்பித்தேன். எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். முடிக்கவில்லை. அவள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். அதே கணம் வாசற்படியில் அவரும் நிமிர்ந்தார். அப்பாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. நான் இல்லாமல் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஒரு வீடு அவர்கள் கண்ணுக்குள் இருந்தது.

"கேக்கறதா?" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் கையை ஓங்கிவிடுவேனோ என்பதுபோல ஒரு சின்னத் தயக்கம், இருபத்தாறு வயதில். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கயிறு இறங்கறதும்மா. வேகமா இறங்கறது. இப்போ நின்னுடுத்து."

வலையில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. அது அசையவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எனக்கு அதுதான் கேட்டது.

"இப்போ மேல வரது. மெதுவா. கனமா இருக்கு போலருக்கு. வந்துடுத்து."

"இல்லை" என்றார் அவர் வாசற்படியிலிருந்து.  "இன்னும் வரலை. இன்னும் ஏறிண்டிருக்கு."

மகள் காதுகொடுத்துக் கேட்டாள். "ஆமாம்ப்பா. இன்னும் ஏறிண்டிருக்கு."

மூவரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவள் பிடி தளர்ந்தது. முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"தண்ணியை என்ன பண்ணுவா?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. கொட்டற சத்தம் மட்டும் வரவே வராது. சின்னதுல நான் அதுக்காகக் காத்துண்டே இருப்பேன். கொட்டிட்டா அவா போயிடுவான்னு நெனச்சுப்பேன்."

நான் அவளை நம்பினேன். என் காதில் ஒன்றும் விழாமல், அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள். என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடித்ததைப்பற்றிப் பேச நான் மறுபடி வாயெடுத்தபோது, "விடும்மா, லாரி வந்துடும்" என்றாள்.

லாரி நாலேகாலுக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு சாவியை வாங்கிக்கொள்ள அந்தப் பெண்ணும் கணவனும் வந்தார்கள். முன்கதவு கொஞ்சம் இறுகும், மழைக்காலத்தில் தோளால் தள்ளவேண்டும் என்று அவர் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லியிருந்தாள். பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, அப்பாவிடம் போய், "என்னோட போன்ல பேசு. எல்லாத்தையும் அம்மாட்டயும் சொல்லு" என்றாள். அவர் தலையை ஆட்டினார். நாங்கள் இருவரும் லாரிக்குப் பின்னால் ஆட்டோவில் பாப்பனங்கோடு ஃப்ளாட்டுக்குப் போனோம். வழி நெடுக அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடியை அழுத்தியபிறகுதான், முதல்முதலில் அந்தச் சத்தத்தை எந்த நாள் கேட்டார், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.